பார்க்காமல் அழுத்தக்கூடிய விசைகள்

டெர்மினலில், அதாவது கணினிக்குக் கட்டளைகளைத் தட்டிக் கொடுக்கும் எழுத்துத் திரையில், கட்டளை வரியைத் திருத்த எந்த விசையிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்று கேட்டால், வேகமான இணைப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் பழக்கத்தையும் விருப்பத்தையும் வைத்தே பதில் சொல்வார்கள். மலையிலிருந்து வேலை செய்பவர்களுக்கு வேறோர் அளவுகோல் தேவைப்படுகிறது. கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், மலைச்சாலையோரம் ஒரு கற்பூர மரம் சாய்ந்தாலே ஃபைபர் கேபிள் அறுந்துவிடும். பிறகு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் மாலை வேலைகள் நடக்கும். அந்த நேரத்தில் சமவெளியில் எங்கோ இருக்கும் சர்வரில் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய உதவும் இணைப்பு) வழியாக ஒரு கட்டளையைத் தட்டினால், விரல் ஐந்தாறு எழுத்து முன்னே போயிருக்கும்போதுதான் முதல் எழுத்து திரைக்கு வரும். இந்த நிலையில் ஒரு விசையை ஏற்பதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அதை அழுத்தியபின் கர்சர் எங்கே நிற்கும், வரியில் என்ன மிஞ்சும் என்பதைத் திரையைப் பார்க்காமலே சொல்ல முடியுமா?

இடப்பக்க அம்பு இந்தக் கேள்விக்கு நிற்பதில்லை. நீண்ட கட்டளை ஒன்றின் நடுவிலுள்ள ஒரு சொல்லை மாற்றுவதற்காக அந்த அம்பை அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கர்சர் உரிய இடத்துக்கு வந்ததைக் கண்ணால் கண்ட பிறகே விரலை எடுக்கிறோம். அதற்குள் வழியில் இருக்கும் அழுத்தல்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சர்வரைச் சேர்ந்து, கர்சரை இன்னும் பதினைந்து இருபது இடம் பின்னுக்குத் தள்ளிவிடும். வலப்பக்க அம்பை அழுத்தித் திரும்ப வர முயன்றால் மறுபக்கம் தாண்டிவிடும். கண்ட்ரோலுடன் ஏ அழுத்தினால் அப்படி ஒன்றும் நேராது. அது ஒரே ஒரு பைட்டாகப் போகும். எவ்வளவு தாமதித்துப் போனாலும் கர்சர் வரியின் தொடக்கத்தில்தான் நிற்கும்.

பச்சைத் தேயிலைக் கணக்கை வைத்திருக்கும் சர்வர் ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர்களிலிருந்து இலை லாரி தொழிற்சாலைக்கு வந்து, எடை போட்டு, சீட்டுகள் ஏறி முடிவது இரவில்தான். அதன் பிறகே காப்புப்பிரதி எடுப்பது, மாதக் கணக்கைச் சரிபார்ப்பது முதலிய வேலைகள் தொடங்கும். இந்தப் பதிவில் சொல்லும் அமைப்புகள் அத்தனையும் அந்த வேலைக்குள்ளிருந்து வந்தவை.

விசை அமைப்பைத் தொடும் முன்பு, அழுத்திய விசை ஷெல்லை (நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலை) எந்த உருவத்தில் சென்றடைகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஷெல்லுக்கு விசைப்பலகை என்று ஒன்று இருப்பதே தெரியாது; அதற்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாக வரும் பைட்டுகள்தாம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும், 1963இல் வெளிவந்த ஆஸ்கி குறியீட்டில் முதல் 32 எண்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு ஒதுக்கப்பட்டன. கண்ட்ரோலுடன் ஏ அழுத்தினால் 1, பி அழுத்தினால் 2 என்று அந்த எண்களைத்தான் டெர்மினல் அனுப்புகிறது. இந்தக் கணக்கின்படி கண்ட்ரோலுடன் ஐ அழுத்தினால் 9 போகும். டேப் விசையும் அதே 9தான். கண்ட்ரோலுடன் எம் அழுத்துவதும் என்டரும் 13. கண்ட்ரோலுடன் இடது சதுர அடைப்பு அழுத்துவதும் எஸ்கேப்பும் 27. ஆகவே கண்ட்ரோல்+ஐக்குத் தனி வேலை கொடுக்க நினைப்பவர், தெரியாமலே டேப்பின் வேலையையும் சேர்த்து மாற்றிவிடுகிறார். இன்றைய டெர்மினல்கள் சிலவற்றில் இவற்றைப் பிரித்தனுப்பும் வசதி வந்துவிட்டாலும், சர்வரில் இருக்கும் ஷெல்லும் அதைப் புரிந்துகொண்டால்தான் பயன். பழைய சர்வர்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

அம்பு விசைகளுக்கு ஆஸ்கியில் இடமே கிடையாது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் விற்பனைக்குக் கொண்டுவந்த விடி100 டெர்மினல், எஸ்கேப், சதுர அடைப்பு, ஓர் எழுத்து என்று மூன்று பைட்டுகளாக அம்புகளை அனுப்பியது; நாம் இன்றும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். இதை நேரில் பார்க்க விரும்பினால், ஷெல்லில் கண்ட்ரோல்+வி அழுத்திவிட்டு மேல்நோக்கும் அம்பை அழுத்துங்கள். கண்ட்ரோல்+வி என்பது 'அடுத்து வருவதைச் செயல்படுத்தாதே, அப்படியே எழுது' என்ற கட்டளை. திரையில் ^[[ஏ என்று தோன்றும், கடைசி எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்கும். முதல் இரண்டு குறிகளும் சேர்ந்து எஸ்கேப், அடுத்தது சதுர அடைப்பு, அதற்கடுத்தது ஏ. கீழ்நோக்கும் அம்புக்கு பி, வலப்பக்கத்துக்கு சி, இடப்பக்கத்துக்கு டி. கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இடப்பக்க அம்பை அழுத்தினால் எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரலின் வழிவந்த டெர்மினல்களில் எஸ்கேப் [1;5டி என்று வரும். அதிலுள்ள 5 தற்செயலானது அன்று: 1 என்ற அடிப்படை எண்ணுடன் ஷிஃப்ட்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2, கண்ட்ரோலுக்கு 4 கூட்டிக்கொள்ள வேண்டும். கண்ட்ரோல் மட்டும் என்றால் 5, ஆல்ட் மட்டும் என்றால் 3. இந்தக் கூட்டல் புரிந்துவிட்டால் வலையில் கிடைக்கும் அமைப்புக் கோப்புகளைப் பொருள் தெரியாமல் நகலெடுக்க வேண்டிய தேவையே இருக்காது.

ஹோம், எண்ட் விசைகளின் கதை இவ்வளவு ஒழுங்கானதன்று. ஹோமுக்குச் சில டெர்மினல்கள் எஸ்கேப் [எச் அனுப்பும், சில எஸ்கேப் [1~ அனுப்பும், ஆர்எக்ஸ்விடி எஸ்கேப் [7~ அனுப்பும். ஒரே வேலையைப் பல தொடர்களுக்குக் கொடுக்கத் தடையில்லை என்பதால், மூன்று வரிகளையும் கோப்பில் எழுதிவைத்துவிட்டேன்.

இனி இந்த பைட்டுகளைப் பெற்றுக்கொள்பவர் யார் என்பதற்கு வருவோம். பாஷ் ஷெல்லில் அந்த வேலையைச் செய்வது ரீட்லைன் என்னும் நிரலகம். பிரையன் ஃபாக்ஸ் பாஷை எழுதி 1989இல் வெளியிட்டார். ரீட்லைனும் அவர் தொடங்கியதுதான். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய செட் ரேமி இரண்டையும் பல பத்தாண்டுகளாகப் பராமரித்து வருகிறார். உலகெங்கும் கோடிக்கணக்கான வரிகள் நாள்தோறும் இந்த ஒரு நிரலகத்தின் வழியாகத் தட்டப்படுகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம், அவருடைய பொறுமைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது என்று தோன்றும்.

ரீட்லைன் படிக்கும் அமைப்புக் கோப்பு, பயனரின் ஹோம் அடைவில் புள்ளியுடன் தொடங்கும் இன்புட்ஆர்சி. எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்யும்போது ரீட்லைன் ஓடுவது சர்வரில். ஆகையால் இந்தக் கோப்பும் சர்வரில்தான் இருக்க வேண்டும். மடிக்கணினியில் எழுதிவைத்துவிட்டுச் சர்வரில் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். விசை எந்த பைட்டை அனுப்புகிறது என்பது மடிக்கணினியில் முடிவாகிறது. அந்த பைட்டுக்கு என்ன பொருள் என்பது சர்வரில் முடிவாகிறது. முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு மாறினால் அவருடைய ஹோம் அடைவிலுள்ள கோப்புதான் படிக்கப்படும். பலர் ஒரே கணக்கைப் பயன்படுத்தும் சர்வரில் அந்தக் கோப்பில் கைவைப்பது முறையன்று, மற்றவர்களின் விரல் பழக்கம் கெட்டுவிடும். வேறு பெயரில் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் பைண்ட் கட்டளைக்கு -எஃப் கொடுத்து அதைப் படிக்கச் சொல்வேன். இன்னொன்று: சொந்தக் கோப்பு ஒன்று இருந்துவிட்டால் ஈடிசி அடைவிலுள்ள பொதுக் கோப்பை ரீட்லைன் தானாகப் படிக்காது. அதிலுள்ள நல்ல அமைப்புகளை இழக்காமல் இருக்க, முதல் வரியிலேயே டாலர் குறியிட்ட இன்க்ளூட் கட்டளையால் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோப்பைத் திருத்திய பின் வெளியேறி மீண்டும் நுழையத் தேவையில்லை. கண்ட்ரோல்+எக்ஸ், கண்ட்ரோல்+ஆர் என்று அடுத்தடுத்து அழுத்தினால் மறுபடி படித்துக்கொள்ளும்.

ஒரே ஓர் அமைப்பைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், மேல், கீழ் அம்புகளை வரலாற்றுத் தேடலுக்கு மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். வழக்கமாக மேல் அம்பு முந்தைய கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தரும். அதை ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட் என்ற செயலுக்குக் கட்டிவிட்டால், கர்சருக்கு முன்னால் தட்டியிருக்கும் எழுத்துகளில் தொடங்கும் கட்டளைகளை மட்டும் தேடித் தரும். எழுதும் முறை இது: இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்கோடு, சிறிய ஈ, இடது சதுர அடைப்பு, பெரிய ஏ; மேற்கோளை மூடியதும் முக்காற்புள்ளி; ஓர் இடம் விட்டுச் செயலின் பெயர். பின்சாய்கோடும் ஈயும் சேர்ந்து எஸ்கேப்பைக் குறிக்கும். கீழ் அம்புக்கு ஏக்குப் பதில் பி, செயல் ஹிஸ்டரி-சர்ச்-ஃபார்வர்ட். சில நிலைகளில் டெர்மினல் சதுர அடைப்புக்குப் பதிலாகப் பெரிய ஓ எழுத்தை அனுப்பும் என்பதால் அதற்கும் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இதன் பயனை ஒரு வேலையில் காட்டுகிறேன். காப்புப்பிரதி எடுக்கும் பிஜி_டம்ப் கட்டளை எங்களிடம் ஒன்றரை வரி நீளம்: தரவுத்தளத்தின் பெயர், சுருக்கும் முறை, விலக்க வேண்டிய அட்டவணைகள், சேமிக்க வேண்டிய பாதை. அதற்குப் பிறகு வேறு நூறு கட்டளைகள் தட்டப்பட்டிருக்கலாம். பிஜி_ என்று மூன்று எழுத்தைத் தட்டி மேல் அம்பை ஒருமுறை அழுத்தினால், அந்த எழுத்துகளில் தொடங்கிய கடைசிக் கட்டளை வந்து நிற்கும். கண்ட்ரோல்+ஆர் தேடலும் நல்லதுதான். ஆனால் அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் விடை மாறிக்கொண்டே இருக்கும், மாறியதைப் பார்த்துத்தான் அடுத்த எழுத்தைத் தட்ட முடியும். இணைப்பு தாமதிக்கும் இரவில் அம்புத் தேடலே எனக்கு நம்பிக்கையானது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் பிஎஸ்க்யூஎல் நிரலும் ரீட்லைனுடன் சேர்த்துத் தொகுக்கப்பட்டிருந்தால் இதே கோப்பைப் படிக்கும், அங்கேயும் செலக்ட் என்று தட்டி அம்பை அழுத்தலாம்.

சொல் சொல்லாக நகர்வதும் அழிப்பதும் அடுத்தது. ஆல்ட்டுடன் பி அழுத்தினால் ஒரு சொல் பின்னே, எஃப் அழுத்தினால் ஒரு சொல் முன்னே. கண்ட்ரோல்+இடம், கண்ட்ரோல்+வலம் அம்புகளுக்கு அதே செயல்களைக் கட்டிவைப்பது அலுவலகச் செயலிகளில் பழகியவர்களுக்கு உதவும். அழிப்பதில்தான் கவனம் வேண்டும். கண்ட்ரோல்+டபிள்யூ இடைவெளி வரை உள்ள அனைத்தையும் அழிக்கும். நீண்ட பாதை ஒன்றின் கடைசியில் நின்று அழுத்தினால் பாதை முழுவதும் போய்விடும். ஆல்ட்+பேக்ஸ்பேஸ், எழுத்தும் எண்ணும் அல்லாத எந்தக் குறியிலும் நின்றுவிடும். தேதியில் உள்ள சிறு கோடுகூட அதற்கு ஓர் எல்லை. கோப்புப் பாதைகளோடு புழங்குகிறவர்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: யூனிக்ஸ்-ஃபைல்நேம்-ரப்அவுட் என்ற செயல். இடைவெளியும் சாய்கோடும் மட்டுமே அதற்கு எல்லைகள். ஒருமுறை அழுத்தினால் பாதையின் கடைசிப் படி மட்டும் போகும், அடுத்த முறை அதற்கு முந்தையது. எந்த விசைக்கும் அது இயல்பாகக் கட்டப்படவில்லை என்பதாலேயே பலருக்கு அது தெரிவதில்லை. நான் ஆல்ட்+பேக்ஸ்பேஸுக்குக் கட்டியிருக்கிறேன்.

கண்ட்ரோல்+டபிள்யூவையே மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் இங்கே ஒரு தடையைச் சந்திப்பார்கள். கோப்பில் எழுதியிருப்பார்கள், எழுத்துப்பிழை இருக்காது, ஆனாலும் பழைய வேலையையே அது செய்யும். ஷெல்லுக்குக் கீழே, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் டெர்மினல் அடுக்கு இருக்கிறது. ஒரு சொல்லை அழிக்க, வரியை அழிக்க என்று அதற்கும் சொந்தமாகச் சில விசைகள் உண்டு. ஒவ்வொரு வரியையும் தொடங்கும்போது ரீட்லைன் அந்த விசைகளைத் தன் அமைப்பின் மேல் எழுதிக்கொள்கிறது. பைண்ட்-டிடிஒய்-ஸ்பெஷல்-சார்ஸ் என்ற மாறியை ஆஃப் என்று வைத்தால்தான் நம் வரிக்கு உயிர் வரும்.

அதே டெர்மினல் அடுக்கின் இன்னொரு பழைய பழக்கம் கண்ட்ரோல்+எஸ். தொலைபேசி வழி டெர்மினல்களின் காலத்தில், வேகமாக ஓடும் எழுத்துகளை நிறுத்தி வைக்க அது தேவைப்பட்டது. மீண்டும் ஓடவிடக் கண்ட்ரோல்+க்யூ. இன்று அந்தத் தேவை அநேகமாக இல்லை, விசை மட்டும் இருக்கிறது. தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு ஏற்றும் தம்பி ஓர் இரவு கைப்பேசியில் அழைத்தார். "அக்கா, எதைத் தட்டினாலும் ஒண்ணும் வரமாட்டேங்குது, லைன் போயிடுச்சு போல" என்றார். "கண்ட்ரோலோட க்யூ அழுத்திப் பாருங்க தம்பி" என்றேன். அதுவரை தட்டியதெல்லாம் ஒன்றாக வந்து கொட்டியது. கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் அவர் விரல் கண்ட்ரோல்+எஸ்ஸைத் தொட்டிருக்கிறது. இணைப்பு அறுவது வழக்கமாகிவிட்ட ஊரில் இது கூடுதல் தொல்லை: திரை நின்றால் மழையா விசையா என்று தெரியாது. எஸ்டிடிஒய் கட்டளைக்கு -ஐஎக்ஸ்ஆன் கொடுத்து இந்த வேலையை அணைத்துவிடலாம். அணைத்துவிட்டால் கண்ட்ரோல்+எஸ், கண்ட்ரோல்+ஆருக்கு எதிர்த்திசைத் தேடலாக வேலை செய்யத் தொடங்கும். பாஷின் தொடக்கக் கோப்பில் இந்த வரியை எழுதும்போது, ஷெல் ஒரு மனிதரோடு பேசிக்கொண்டிருக்கும் நிலையில்தான் அது ஓட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் போன்ற தானியங்கி இணைப்புகளில், டெர்மினல் இல்லாத இடத்தில் அந்தக் கட்டளை பிழைச்செய்தி எழுப்பும்.

நீண்ட கட்டளையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, முதலில் வேறொன்றைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றினால் வரியை அழித்துவிட வேண்டாம். கண்ட்ரோல்+ஈ, பிறகு கண்ட்ரோல்+யூ: கர்சர் எங்கிருந்தாலும் இந்த இரண்டும் சேர்ந்து முழு வரியையும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும். வேறு கட்டளையை ஓட்டிவிட்டுக் கண்ட்ரோல்+ஒய் அழுத்தினால் வெட்டிய வரி திரும்ப வரும். இணைப்பு தள்ளாடும்போது, வரியில் இப்போது என்ன இருக்கிறது என்பதிலேயே ஐயம் வந்துவிட்டால், ஆல்ட்டுடன் ஹேஷ் குறியை அழுத்துவேன். அது வரியின் தொடக்கத்தில் ஹேஷைச் சேர்த்து, கட்டளையைக் குறிப்பாக மாற்றி, ஓட்டாமலேயே வரலாற்றில் சேர்த்துவிடும். நிதானமாக எடுத்துப் பார்த்து, ஹேஷை நீக்கி ஓட்டலாம். சந்தேகத்தில் என்டர் அழுத்துவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, சில கட்டளைகளில் ஒரு மாதத்துக் கணக்கின் வேறுபாடாக இருக்கும்.

இதே காரணத்தால் ஒரு பழக்கத்தை நான் கடுமையாக மறுக்கிறேன். ஒரு விசைக்கு ஒரு முழுக் கட்டளையையும் கட்டி, அதன் முடிவில் என்டரையும் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அழுத்தியவுடன் ஓடிவிடும் என்பது அதன் கவர்ச்சி. எழுத்து தாமதித்து வரும் இணைப்பில், விசை போய்ச் சேரவில்லை என்று எண்ணி இரண்டாம் முறை அழுத்துவது இயல்பு. கட்டளை இரண்டு முறை ஓடும். கட்டளையை எழுதித் தரும் வரை விசை செய்யட்டும், என்டரை மனிதர் அழுத்தட்டும்.

விஐ, ஈமேக்ஸ் என்ற இரு திருத்திகளின் விசைமுறைகளில் எதை ஷெல்லுக்கு வைத்துக்கொள்வது என்ற பழைய வழக்கில், இணைப்பை வைத்தே நான் தீர்ப்புச் சொல்வேன். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரம் ஷெல்லுக்கு விஐ முறையை மட்டுமே வரையறுக்கிறது, திருத்தும் ஆற்றலிலும் அதில் குறையில்லை. ஆனால் அங்கே எஸ்கேப் தனியாகவே ஒரு கட்டளை. அம்பு விசையும் எஸ்கேப்பில்தான் தொடங்குகிறது. தனி எஸ்கேப்பா, அம்பின் தொடக்கமா என்று தீர்மானிக்க ரீட்லைன் காத்திருக்கும் நேரம் இயல்பாக 500 மில்லிநொடி. மோசமான இணைப்பில் ஒன்றாக வர வேண்டிய மூன்று பைட்டுகள் பிரிந்து வந்து, மீதி இரண்டும் அந்த நேரத்தைத் தாண்டினால், எஸ்கேப் தனிக்கட்டளையாகி, தட்டும் எழுத்துகளே கட்டளைகளாகும் நிலைக்கு மாற்றிவிடும். பின்னால் வரும் பெரிய ஏ, வரியின் கடைசிக்குப் போய் எழுது என்ற கட்டளையாகிவிடும். கீசீக்-டைம்அவுட் மாறியைக் கூட்டினால் இது குறையும். ஆனால் ஒவ்வொரு எஸ்கேப்புக்கும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். ஈமேக்ஸ் முறையில் எஸ்கேப் வெறும் முன்னொட்டு என்பதால் அடுத்த பைட்டு எப்போது வந்தாலும் பொருள் மாறாது. நல்ல இணைப்பில் இருப்பவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. எங்கள் ஊர்வாரிக் கோப்புகளுக்குக் கட்டபெட்டு, கக்குச்சி, அரவேனு, சோலூர்மட்டம் என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறோம். சீட்டிலும் பட்டியலிலும் அப்படித்தான் இருக்கின்றன, கோப்பில் மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்?

முதல் சிக்கல் லொக்கேல், அதாவது சர்வரின் மொழி, எழுத்துமுறை அமைப்பு. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள்: முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஆஸ்கியை மட்டுமே கருதும் வெறும் சி லொக்கேலில் நிறுவிய சர்வரில், கன்வர்ட்-மெட்டா என்ற மாறி ஆன் நிலையில் இருந்தால், 128க்கு மேற்பட்ட ஒவ்வொரு பைட்டையும் ரீட்லைன் ஆல்ட்டுடன் அழுத்திய விசையாகப் படிக்கும். 174இலிருந்து 128ஐக் கழித்தால் 46. அது முற்றுப்புள்ளியின் ஆஸ்கி எண். ஆல்ட்டுடன் முற்றுப்புள்ளி என்பது முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டும் விசை. எனவே 'க' என்று தட்டினால், 'க' வராது. சற்றுமுன் ஓட்டிய கட்டளையின் கடைசிக் கோப்புப் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். காரணம் தெரியாதவருக்கு இது பேய் பிடித்ததுபோல் இருக்கும். லொக்கேலை யுடிஎஃப்-8க்கு மாற்றுவதே சரியான தீர்வு. கன்வர்ட்-மெட்டாவை ஆஃப் என்று எழுதிவைப்பது துணைக்காவல்.

இரண்டாவது சிக்கல் அகலம். யூனிக்கோடு வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத குறிகள். கால், இகர, உகர, ஐகாரக் குறிகள் இடம் பிடிக்கும் குறிகள். லினக்ஸின் கணக்கில் 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம். டெர்மினலோ தன்னிடமுள்ள எழுத்துருவைக் கொண்டு வேறு விதமாக வரைகிறது. பல டெர்மினல்களில் கர்சர் நிற்குமிடமும் எழுத்து தெரியுமிடமும் ஒத்துப்போவதில்லை. தமிழ்ப் பெயரின் நடுவே எழுத்தெழுத்தாக நகர்ந்து திருத்துவதை ஆகவே நான் செய்வதே இல்லை. எழுத்தின் அகலமோ வகையோ தெரியத் தேவையில்லாத செயல்கள்தாம் அங்கே நம்பத்தக்கவை. மேலே சொன்ன யூனிக்ஸ்-ஃபைல்நேம்-ரப்அவுட் அத்தகையது. பிழை இருந்தால் அந்தப் படியை முழுவதுமாக அழித்து, டேப் கொண்டு மறுபடி நிரப்புவேன்.

டேப்புக்கு வசதியாகப் பெயரின் முன்னால் இரண்டு இலக்க எண் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்: 07-கட்டபெட்டு, 12-கக்குச்சி. எண்ணைத் தட்டி டேப் அழுத்தினால் மீதி நிரம்பிவிடும். தமிழ் உள்ளீட்டுக்கு மாறி மீண்டும் திரும்பும் வேலையும் இல்லை. ஒவ்வொரு டேப்புக்கும் அடுத்த பெயரைச் சுழற்றிக் காட்டும் மெனு-கம்ப்ளீட் செயல் நல்ல இணைப்பில் அழகாக இருக்கும். எத்தனை முறை அழுத்தினோம் என்பது தெரியாத இணைப்பில் அது வேறு ஊரின் கோப்பில் கொண்டுபோய் நிறுத்தும். ஷோ-ஆல்-இஃப்-ஆம்பிகுவஸ் மாறியை ஆன் செய்து, பொருந்தும் பெயர்களைப் பட்டியலாகக் காட்டச் செய்வது மேல்.

மற்ற ஷெல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இசட்ஷெல் ரீட்லைனைப் பயன்படுத்துவதில்லை. அதற்குச் சொந்தத் திருத்தி உண்டு, பைண்ட்கீ கட்டளையால் அமைக்க வேண்டும், இன்புட்ஆர்சியை அது பார்க்காது. அங்கே கண்ட்ரோல்+யூ முழு வரியையும் வெட்டும் என்ற வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபிஷ் ஷெல்லில் மேல் அம்பு தொடக்கத்திலிருந்தே தேடல் விசைதான்.

மடிக்கணினிப் பக்கத்தில் நான் செய்திருக்கும் மாற்றம் கேப்ஸ் லாக்கை இன்னொரு கண்ட்ரோலாக்கியதுதான். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் விரல் விறைத்திருக்கும். சுண்டு விரலை விசைப்பலகையின் கீழ்மூலை வரை நீட்டி, அங்கிருந்து ஏயைத் தொடுவது வலிக்கும். கேப்ஸ் லாக் ஏயின் பக்கத்திலேயே இருக்கிறது.

எம்ஐடியில் கீத் வின்ஸ்டைனும், சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் 2012இல் அறிமுகப்படுத்திய மோஷ் என்ற நிரல், தட்டிய எழுத்தைச் சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஊகித்து உடனே காட்டும். 60000 முதல் 61000 வரையிலான யுடிபி போர்ட்டுகளை (இணைப்பு வாயில்களை) திறந்துவிட முடிகிற சர்வர் என்றால் தயங்காமல் நிறுவுங்கள். இருந்தாலும் எழுத்துகளையும் இடவல அம்புகளையும் ஊகிப்பதுபோல் வரலாற்றுத் தேடலின் விடையை அதனால் ஊகிக்க இயலாது. ஆகையால் விசை அமைப்புகளின் தேவை அப்படியேதான் இருக்கிறது.

கடைசியாக, ஒட்டுவது. அலுவலகத்தில் கட்டளைகள் வாட்ஸாப்பில் வந்து, அங்கிருந்து நகலெடுத்து டெர்மினலில் ஒட்டப்படுகின்றன. இரண்டு மூன்று வரிகள் இருந்தால் ஒட்டிய வேகத்தில் ஒவ்வொரு வரியும் ஓடிவிடும். இதைத் தடுக்க எனேபிள்-பிராக்கெட்டட்-பேஸ்ட் என்ற மாறி இருக்கிறது. அது ஆன் நிலையில் இருந்தால், ஒட்டப்படும் பகுதியை டெர்மினல் எஸ்கேப் [200~, எஸ்கேப் [201~ என்ற இரு குறிகளுக்கு நடுவே வைத்து அனுப்பும், ரீட்லைன் அதை முழுவதும் எழுத்தாகவே எடுத்துக்கொண்டு, நாம் என்டர் அழுத்தும் வரை காத்திருக்கும். 2020 டிசம்பரில் வந்த பாஷ் 5.1 முதல் இது இயல்பாகவே ஆன். அதற்கு முந்தைய சர்வர்களில் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும், ரீட்லைன் 7.0க்கும் முந்தையது என்றால் அந்த வசதியே கிடையாது. அத்தகைய சர்வரில் கண்ட்ரோல்+எக்ஸ், கண்ட்ரோல்+ஈ அழுத்தித் திருத்தியைத் திறந்து, அதற்குள் ஒட்டிப் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சேமித்து வெளியேறினால் அதிலுள்ளது அப்போதே ஓடும். ஓட்ட வேண்டாம் என்று தோன்றினால் எல்லாவற்றையும் அழித்து, வெற்றுக் கோப்பாகச் சேமித்து வெளியேற வேண்டும்.